அத்தான் சாப்பிட்டாரா?

ஜனவரி 9

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

நான் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு அந்த வறட்டு இருமல் விட்டதா?

போனில் பேச வேண்டாமென்று நான் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. போனை எடுத்தால் நீ அழுகிறாய், நான் அழுகிறேன், சொல்ல வந்தது என்ன என்று இரண்டு பேருக்கும் மறந்துபோகிறது. தபாலாபீஸ் கவுன்ட்டரில் பாதி ஆயுசைக் கழித்தவள் நான். எழுதினால் அழாமல் சொல்லிவிடுவேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. உன் அத்தான் போன அன்று வீடு கொள்ளாமல் ஆட்கள். அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் மட்டுமே தெருமுனைவரை நின்றார்கள். சித்தி எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "கூடப் பொறந்தவ ஒருத்தி, எட்டிக்கூடப் பாக்கலையே! அப்படி என்ன வெட்டி முறிக்கிற வேலையோ!" என்றாள். நீ போனில் சொன்னது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆபரேஷனில் அவர் வயிற்றிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு துண்டு உன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தது, அது சாகாமல் இருக்க நீ பக்கத்திலேயே இருந்தாக வேண்டும் என்றாய். அந்தத் துண்டைக் கொடுக்கச் சம்மதித்து அவர் கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறது. "என்னைத் திங்க வந்ததுக்கு என் மச்சினி சோறு போடப் போறா" என்று சிரித்தாரே, அதுவும் ஞாபகம் இருக்கிறது.

அது இன்னும் உயிரோடு இருக்கிறதா? அதை மட்டும் எழுது.

அக்கா

—

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் விட்டுவிட்டது. நீ பிரஷர் மாத்திரையை விடாமல் போட்டுக்கொள்கிறாயா? ராத்திரி தூக்கம் வருகிறதா?

உயிரோடு இருக்கிறது, அக்கா.

உள்ளங்கையளவு பிளாஸ்டிக் குடுவை. நாங்கள் பிளாஸ்க் என்போம். அதற்குள் மீடியம் என்கிற இளஞ்சிவப்புத் திரவம். அதுதான் சாப்பாடு. செல்கள் தின்றுவிட்டால் மஞ்சளாக மாறும், பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். உடம்புச் சூடு மாறாத ஒரு பெட்டிக்குள் குடுவையைப் படுக்க வைத்திருக்கிறேன். மூடியில் பேனாவால் 'அ' என்று எழுதியிருக்கிறேன். பேராசிரியர் அது என்ன குறியீடு என்று கேட்டார். அத்தான் என்று சொல்லவில்லை.

கட்டியிலிருந்து வந்த செல்கள் லேசில் பிழைப்பதில்லை. பத்துத் துண்டு வந்தால் ஒன்று தேறினால் அதிகம். அவர் இறந்த அந்த வாரம்தான் அத்தானுடைய செல்கள் ஒன்றிரண்டாகக் குடுவையின் தரையைப் பற்ற ஆரம்பித்திருந்தன. பற்றியதை விட்டுவிட்டால் செத்துப்போகும். நீ போன் செய்தபோது நான் மேஜை முன்னால்தான் இருந்தேன், அவருக்கும் பக்கத்துத் தட்டு அம்மாளுக்கும் மீடியம் மாற்றிக்கொண்டு. கிளம்பத்தான் நினைத்தேன். இரண்டு நாள் ரயில், வர இரண்டு போக இரண்டு. திரும்பி வரும்போது அவர் இங்கேயும் இருக்கமாட்டார் என்று தோன்றிவிட்டது. ஓரிடத்திலாவது காப்பாற்றலாம் என்று நின்றுவிட்டேன்.

பக்கத்துத் தட்டு அம்மாள் யார் என்று கேட்பாய். நாம் பிறப்பதற்கு முன்பே புற்றுநோயில் போன ஒரு பெண். அவளுடைய செல்கள் இன்னும் எல்லா ஆராய்ச்சிக்கூடத்திலும் வளர்கின்றன. மற்ற செல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிறோம். யார் ஊற்றினாலும் குடித்துவிட்டு மளமளவென்று பெருகுவாள். அத்தான் அப்படியில்லை. முரண்டு பிடிக்கிறார். நீளமாகக் கைகாலை நீட்டிப் படுத்துக்கொண்டு, அசைவேனா என்கிறார்.

கோபப்படு அக்கா, உனக்கு உரிமை இருக்கிறது.

உன் தங்கை

—

பிப்ரவரி 18

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

மாத்திரை போடுகிறேன். தூக்கத்தைப் பற்றிக் கேட்காதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஊருக்கெல்லாம் ஊட்டிவிட்டு நீ பட்டினி கிடக்காதே.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ. என் வயிற்றில் பாலை வார்த்தாய். சித்தி வந்தபோது முகத்துக்கு நேரே சொன்னேன்: "அவ வராம இருந்தது அவரைப் பாத்துக்கத்தான். நீங்கள்லாம் செத்தவரைப் பாக்க வந்தீங்க. அவ உயிரோட இருக்கறவர்கிட்ட இருந்தா." சித்தி சட்டென்று எழுந்தாள். காபியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

முரண்டு பிடிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, சிரித்துவிட்டேன். எத்தனை நாளைக்குப் பிறகு! இங்கேயும் அப்படித்தானே. காலையில் எழுப்ப மூன்று தடவை போர்வையை உருவ வேண்டும். நீயும் கத்திப் பார்.

டிரைவிங் ஸ்கூல் கார் வாசலில் அப்படியே நிற்கிறது, கூரையில் 'எல்' போர்டோடு. அவருடைய பங்குதாரர் சாவி கேட்டார். கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் செருப்பையும் எடுக்கவில்லை. எல்லாரும் எடுக்கச் சொல்கிறார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கோபமெல்லாம் போய்விட்டது. அடுத்த கடிதத்தில் அவர் சாப்பிட்டாரா என்று எழுது.

அக்கா

—

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அத்தான் எழுந்துவிட்டார்!

போன வாரம் மீடியம் ஒரே நாளில் மஞ்சளாகியிருந்தது. கெட்டுவிட்டதோ என்று பயந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தரை தெரியவில்லை அக்கா, அத்தனை செல்கள். முகமே மாறிவிட்டது. நீளமாக ஒல்லியாகக் கிடந்தவர் இப்போது கட்டுக்கட்டாக, ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு, கல் பாவிய முற்றம் மாதிரி இருக்கிறார். இடத்துக்குப் பழகிவிட்டார் போல.

ஒரு செல் பிரிவதை முழுசாகப் பார்த்தேன். தரையோடு ஒட்டிப் படுத்திருப்பது, நேரம் வந்ததும் கைகாலை இழுத்துக்கொண்டு உருண்டையாக எழும்புகிறது. சுற்றிலும் ஓரம் பளபளவென்று ஒளிர்கிறது. உள்ளே எல்லாம் நடுவில் வரிசையாக வந்து நிற்கிறது, கொஞ்சம் தயங்குகிறது, பிறகு சட்டென்று இரண்டு பக்கமும் விலகுகிறது. நடுவில் இடுப்பு விழுந்து, இரண்டு. இதை நான் ஆயிரம் தடவை பார்த்தவள். இந்தத் தடவை லென்ஸ் நனைந்துவிட்டது.

பேராசிரியர் என் தோளைத் தட்டினார். சில குப்பிகளில் எடுத்துத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிட்டேன். இனி மின்சாரம் போனாலும் பயமில்லை, எத்தனை வருடம் கழித்தும் எடுத்து வளர்க்கலாம். படம் ஒன்று வைத்திருக்கிறேன். நீலமாக இருப்பது செல்லின் உட்கரு, பச்சை அதைத் தாங்கும் நார்கள். சாயம் போட்டு எடுத்தது.

சாப்பிடுகிறார் அக்கா. நன்றாகச் சாப்பிடுகிறார்.

உன் தங்கை

—

ஏப்ரல் 29

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

சுகமாக இருக்கிறேன். நிஜமாகவே. நேற்று படுத்ததும் தூங்கிவிட்டேன்.

படத்தைக் கவுன்ட்டரில் என் பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். பார்சல் போட வருகிறவர்கள் எந்த நாட்டு ஸ்டாம்ப் என்று கேட்கிறார்கள். "என் வீட்டுக்காரர்" என்றேன் ஒருவரிடம். அவர் மிச்சச் சில்லறையை வாங்காமலே போய்விட்டார்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. நீ வளர்ப்பது அவரையா, அவரைக் கொன்றதையா? ராத்திரி பாத்திரம் கழுவும்போது திடீரென்று தோன்றியது. கொன்றது என்றால் அதற்கு ஏன் ஊட்டுகிறாய்? அவர் என்றால் ஒரு நாள்கூடப் பட்டினி போடாதே. எனக்கு விளங்குகிற மாதிரி சொல்.

அக்கா

—

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் தூக்கம் நிலைக்கட்டும்.

நீ கேட்டதைப் பேராசிரியர்கூட இதுவரை என்னிடம் கேட்டதில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன். புற்றுநோய் வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை அக்கா. அவருடைய செல்லே நிறுத்தத் தெரியாமல் ஓடியது. பிரேக் பிடிக்காத கார் என்று அவரே சொல்லியிருப்பார். அவர் அப்பா அம்மாவிடமிருந்து வந்த அத்தனை அடையாளமும் அதற்குள் இருக்கிறது. அதனால் இரண்டும்தான். அவரும்தான், அவரைக் கொன்றதும்தான். பிரித்தெடுக்க முடிந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருப்போம்.

இப்போது இந்த செல்கள்மேல் புது மருந்துகளைப் போட்டுப் பார்க்கிறேன். எது அவற்றை நிறுத்துகிறது என்று தெரிந்தால் இன்னொரு வீட்டில் இன்னொருவர் பிழைப்பார். கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டேன். வெளியிடுவதற்கு முன் ஓர் அடையாளச் சோதனை செய்ய வேண்டும். ஆபரேஷன் சமயத்தில் எடுத்த அவர் ரத்தம் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அதையும் செல்லையும் ஒப்பிட்டு, இவர் அவரேதான் என்று சொல்லிவிடுவார்கள். வெறும் சம்பிரதாயம்.

மாத்திரையை மறக்காதே.

உன் தங்கை

—

ஜூன் 11

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

நலமாக இருக்கிறேன். நீ எழுதியது விளங்கியது. இரண்டும்தான் என்றால் சரி. இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது விளங்காதா? மனிதன் என்றால் இரண்டும்தான்.

ஒரு சேதி. ஆகஸ்டில் லீவு கேட்டு வாங்கிவிட்டேன். ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. வந்து பார்க்கப் போகிறேன். உன் மைக்ராஸ்கோப்பில் எனக்குத் தெரியுமா? மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டுமா? பேசினால் கேட்காது என்று தெரியும், இருந்தாலும் பேசினால் உன் பேராசிரியர் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டாரே? என்ன உடுத்திக்கொண்டு வருவது என்று வேறு குழப்பம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை.

அவர் போன அன்று முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. ஆட்கள் மறைத்துக்கொண்டே இருந்தார்கள். இந்தத் தடவை யாரும் மறைக்கமாட்டார்கள் இல்லையா?

அக்கா

—

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே நல்ல வெயில். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கெட்டுப்போய் மூன்று வாரம் ஆகிறது. ஐந்து மாடியும் ஏறி இறங்குகிறேன். பழுது பார்க்க வந்தவர்கள் ஒரு கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. முழங்கால் வலிக்கிறது. பக்கத்து அறையில் சாயம் கொட்டித் தரையெல்லாம் ஊதா நிறம். கழுவக் கழுவப் போகமாட்டேன் என்கிறது.

ஆகஸ்டில் வர வேண்டாம் அக்கா. மைக்ராஸ்கோப்பைப் பழுது பார்க்க அனுப்பப்போகிறார்கள் போல. விளக்கு மாற்ற வேண்டுமாம். எப்போது வரும் என்று தெரியாது. வேலையும் நெருக்குகிறது. வேறு சமயம் பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

—

ஜூலை 15

பூதக்கண்ணாடி,

முழங்காலுக்கு எண்ணெய் தடவு.

லிஃப்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. 'உன் தங்கை' என்றுகூட எழுதவில்லை, வெறும் 'தங்கை'. உனக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது. ஊறுகாய் பாட்டிலை உடைத்துவிட்டுப் பூனையைப் பற்றி அரைமணி நேரம் பேசியவள் நீ. நம் வீட்டில் பூனையே கிடையாது.

பெட்டி வெப்பம் குறைந்துவிட்டதா? மின்சாரம் போய்விட்டதா? உறைய வைத்த குப்பிகள் இருக்கின்றன என்றாயே!

டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. நீ எழுதும்வரை செய்யமாட்டேன். எதுவாக இருந்தாலும் சொல். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார் பார், அந்தக் கொடுமையை நீயும் செய்யாதே.

அக்கா

—

ஜூலை 27

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அது அத்தான் இல்லை.

அடையாளச் சோதனை முடிவு ஜூன் கடைசியில் வந்தது. முதல் வரியிலேயே 'பெண்' என்றிருந்தது. வயதான ஆண்களின் புற்றுநோய்ச் செல்களில் ஆண் என்கிற அடையாளம் சில சமயம் தொலைந்துபோகும். அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை அனுப்பினேன். மற்ற அடையாளங்களும் ஒன்றுகூட அவர் ரத்தத்தோடு பொருந்தவில்லை. எல்லாம் பக்கத்துத் தட்டு அம்மாளோடு பொருந்தின.

அவளுடைய ஒரு செல் போதும் அக்கா, ஒரே ஒரு செல் தவறி அவர் குடுவையில் விழுந்தால் போதும். அவள் நாளுக்கு நாள் இரட்டிப்பாவாள், அவர் அப்படியே கிடப்பார். கொஞ்சம் கொஞ்சமாக இடத்தையும் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டுவிடுவாள். ஏப்ரலில் 'எழுந்துவிட்டார்' என்று எழுதினேனே, அன்று நான் பார்த்தது அவளை. உறைய வைத்த குப்பிகள் எல்லாம் அதற்குப் பிறகு வைத்தவை. ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அவள்தான். அதற்கு முன்னால் உறைய வைக்கிற அளவுக்கு அவர் இல்லை.

முகம் மாறிவிட்டது என்று நானே உனக்கு எழுதினேன். என் வேலையே செல்லின் முகத்தைப் பார்ப்பது. வேறு யாராவது கொண்டுவந்து காட்டியிருந்தால் பார்த்த மாத்திரத்தில் இது வேறு ஆள் என்று சொல்லியிருப்பேன். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பூதக்கண்ணாடி என்று இனி என்னைக் கூப்பிடாதே.

எப்போது கலந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவரை மூடி எடுத்து வைத்த பிறகுதான் அடுத்தவரைத் திறக்க வேண்டும், ஆளுக்கொரு மீடியம் பாட்டில், இது நாங்கள் முதல் நாள் படிக்கிற பாடம். அன்று நீ போன் செய்தபோது இரண்டு குடுவையும் என் முன்னால் திறந்திருந்தன. போனை வைத்த பிறகு என் கை என்ன செய்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. அன்றுதான் என்று சத்தியம் செய்ய முடியாது. அன்று இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

வராததற்கு என்னிடம் ஒரே ஒரு காரணம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நீ சித்தியிடம் எனக்காகப் பேசினாய். அந்தக் காரணமும் இப்போது இல்லை அக்கா. நான் வரவில்லை. அவ்வளவுதான்.

உன் தங்கை

—

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறது. திட்டியாவது எழுது. மாத்திரை போடுகிறாயா என்று மட்டுமாவது எழுது.

எழுதிக்கொண்டிருந்த கட்டுரையை நிறுத்திவிட்டேன். 'அ' என்று எழுதிய குடுவைகளைக் நீராவிக் கொதிகலனில் போட்டு அழித்துவிட்டார்கள். மூடி ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை.

உன் தங்கை

—

அக்டோபர் 14

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் வைத்த பெயர், மாற்ற உனக்கு உரிமை இல்லை. மாத்திரை போடுகிறேன்.

எழுதாமல் இருந்தது உன்னைத் தண்டிக்க இல்லை. கொஞ்சம் அதுவும்தான். உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கவுன்ட்டர் வேலை. படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டு, சாயங்காலம்வரை முத்திரை குத்தினேன். பக்கத்து சீட்டுக்காரி, "ஏன்க்கா இவ்ளோ ஓங்கிக் குத்துறீங்க?" என்று கேட்டாள். "மை சரியா விழல" என்றேன். வேறென்ன சொல்வது? என் வீட்டுக்காரர் இன்றைக்கும் செத்துப்போனார் என்றா?

அதுதான் பெரிய கஷ்டம். முதல் தடவை வீடு கொள்ளாமல் ஆட்கள். இந்தத் தடவை சொல்லிக்கொள்ளக்கூட ஆளில்லை. அவர்களுக்கெல்லாம் அவர் டிசம்பரிலேயே போய்விட்டார். இந்த மாதங்களில் நான் முழுசாக அழவே இல்லை, உனக்குத் தெரியுமா? பாதிதான் போயிருக்கிறார் என்று பாதிதான் அழுதேன். மிச்சத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கார் சாவியைப் பங்குதாரரிடம் கொடுத்துவிட்டேன். செருப்பை எடுத்தேன், பிறகு அதே இடத்தில் வைத்துவிட்டேன். கண்ணாடியில் ஒட்டிய படத்தைக் கிழிக்கப் போனேன், நகம் வைத்து ஓரத்தைக்கூடக் கிளப்பிவிட்டேன். அப்புறம் மனசு வரவில்லை. அவள் என்ன செய்வாள்? அவளும் யாரோ ஒரு வீட்டில் இதே மாதிரி வலித்துச் செத்தவள்தானே. இவ்வளவு நாள் சாப்பிட்டாரா, சாப்பிட்டாரா என்று நான் கேட்டதெல்லாம் அவளுக்குப் போயிருக்கிறது. போகட்டும்.

உன் கை அன்று என்ன செய்தது என்று இனிமேல் யோசிக்காதே. நான் போனில் என்ன சொன்னேன் என்று எனக்கும் ஞாபகம் இல்லை.

வரவில்லை, அவ்வளவுதான் என்று எழுதியிருந்தாய். ஆமாம், நீ வரவில்லை. அதைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. இப்போது வா. அந்த அம்மாளைப் பார்த்துக்கொள்ள வேறு யாரிடமாவது சொல்லிவிட்டு வா. யார் ஊற்றினாலும் குடிப்பாள் என்று நீதானே எழுதினாய்? அந்த மூடியையும் எடுத்துக்கொண்டு வா. நீ வரும்வரை நான் அழப்போவதில்லை.

எந்த ரயில் என்று எழுது. ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

அக்கா